கம்பளி நூலைக் கையால் அறிவது: பின்னலுக்கு நூல் வாங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மார்கழி விடியற்காலையில்கூட ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் குளிர் அடங்கிவிடும் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கம்பளி நூலைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் பின்னல் ஊசி எடுப்பவர்கள் தமக்காகப் பின்னுவதில்லை. லடாக்கில் காவல் நிற்கும் தம்பிக்காகவும், கனடாவில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்காகவும் பின்னுகிறார்கள். இதில்தான் சிக்கல் இருக்கிறது. நாம் பின்னிய உடையை நாமே உடுத்திப் பார்த்து அதன் குணத்தை அறிய இந்த வெயில் நமக்கு இடம் கொடுப்பதில்லை. பார்சல் போய்ச் சேர்ந்து, “கழுத்துல அரிக்குதுக்கா” என்று தம்பி தொலைபேசியில் சொல்லும்போதுதான் நூல் தப்பு என்று தெரிகிறது. எனவே, பின்னத் தொடங்குவதற்கு முன்பே நூலைப் பார்த்து, தொட்டு, இழுத்து, நனைத்து அதன் குணத்தை அறிந்துகொள்ளும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். வலை பின்னும் நூலில் எத்தனை புரி, முறுக்கு இறுக்கமா தளர்வா, கண் என்ன அளவு என்பதை விரலால் தடவியே சொல்லும் பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். புரி, முறுக்கு, கண் என்ற அந்த மூன்று சொற்களும் கம்பளிக்கும் அப்படியே பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்றுதான்: நைலான் வலையைக் கடலில் போட்டு எடுத்தாலும் கண்ணின் அளவு பெரிதாக மாறாது, கம்பளியோ ஒரு வாளித் தண்ணீரில் வேறு துணியாகிவிடும்.

முதல் படி: அது கம்பளிதானா என்று பார்த்தல்

நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். வாசல் தோரணமும் பொம்மையும் பின்னுவதற்கு அது நல்ல நூல், அதைக் குறை சொல்வதற்கில்லை. பூச்சி அரிக்காது, சாயம் பளிச்சென்று இருக்கும், துவைப்பதும் எளிது. ஆனால் அது செயற்கை இழை. பனிக் குளிரில் உடல் வியர்த்து அடங்கும்போது கம்பளி செய்யும் வேலையை அது செய்யாது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் ஈரமாக இருப்பதாகக் கைக்குத் தெரியாது. அப்படி உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். அக்ரிலிக் மிகக் குறைந்த ஈரத்தையே உள்வாங்குவதால், வியர்வை உடம்பிலேயே நின்று பிறகு குளிர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில், ‘சுத்தமான கம்பளி’ என்ற சொல்லை நம்பி 600 கிராம் சாம்பல் நிற நூல் வாங்கி, இரண்டு மாதம் பின்னி முடித்தேன். கடைசியில் மிஞ்சிய நுனியை நெருப்பில் காட்டியபோது அது உருகிச் சொட்டியது. அந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்திருந்தால் இரண்டு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

சோதனை இதுதான். ஒரு எவர்சில்வர் தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, நான்கு அங்குல நூலை இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்துக்கு மெல்லக் கொண்டு செல்ல வேண்டும். கம்பளி சுடரைக் கண்டு சுருண்டு பின்வாங்கும், மெதுவாக எரியும், சுடரிலிருந்து விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். தலைமுடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும். அக்ரிலிக் கரும்புகையோடு எரிந்துகொண்டே உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கறுத்த கட்டியாகிவிடும். வலை நூலின் நுனி பிரியாமலிருக்க லைட்டரால் சுட்டு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு நைலான் எப்படி உருகும் என்பதும் தெரியும். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் இருக்கும்.

கலப்பு நூல்களில் தீச்சோதனை குழப்பும், ஏனென்றால் முடி நாற்றமும் வரும், கட்டியும் மிஞ்சும். அப்போது துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சில் ஓர் அங்குல நூலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரவு முழுவதும் ஊற வைத்தால், கம்பளி முழுவதும் கரைந்துபோகும், செயற்கை இழை மட்டும் மிஞ்சும். கலப்பு எவ்வளவு என்பதை மிஞ்சியதன் தடிமனே காட்டிக் கொடுத்துவிடும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அந்தத் திரவத்தில் வேறு எதையும், குறிப்பாக அமிலம் கலந்த கழிவறைச் சுத்திகரிப்பானை, சேர்க்கக் கூடாது.

இரண்டாம் படி: இழையின் மென்மை

ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போட்டு வளர்க்கும் இராமநாதபுரம் வெள்ளை ஆடும் செம்மறிதானே, அதன் முடியில் நூல் நூற்க முடியாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நம் வறண்ட வெயிலுக்கு ஏற்றபடி, இந்தப் பக்கத்து ஆடுகள் கம்பளிக்குப் பதிலாக முடி வளர்க்கும் இனங்கள். இறைச்சிக்காகவும் வயலுக்கு உரம் சேர்ப்பதற்காகவுமே அவற்றை வளர்க்கிறோம். தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தரும் இனம் என்றால் மலையில் இருக்கும் நீலகிரி ஆடுதான். அதன் இரத்தத்தில் மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டுச் செம்மறி இனங்கள் கலந்திருக்கின்றன. வடக்கே ராஜஸ்தானின் பிக்கானேர் பகுதிக் கம்பளி பெயர் பெற்றது, ஆனால் அதில் பெரும்பகுதி கம்பளத்துக்குப் போகும் கரடான வகை.

கரடு, மென்மை என்பதை அளக்கும் அலகு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் தடிமன் கொண்டது. மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்கு உட்பட்டது, உயர்ந்த ரகங்கள் 19.5 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். உடம்பில் அரிப்பது பலர் நினைப்பதுபோல் ஒவ்வாமை அல்ல. 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் துணியில் ஏறக்குறைய 5 விழுக்காட்டைத் தாண்டினால், அவற்றின் விறைத்த நுனிகள் தோலைக் குத்தத் தொடங்குகின்றன. சராசரி மைக்ரான் குறைவாக இருந்தும் நூல் குத்துவது அதனால்தான்: சராசரிக்குள் ஒளிந்திருக்கும் சில தடித்த இழைகளே தொல்லை தருபவை.

உள்ளங்கையால் தடவிப் பார்த்து மென்மையைத் தீர்மானிக்காதீர்கள். மீன் ஆய்ந்து, பாத்திரம் தேய்த்து, கயிறு இழுத்த கைக்கு எல்லாக் கம்பளியும் பஞ்சுபோலத்தான் இருக்கும். நூல் உருண்டையைக் கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே வைத்து, ஒரு நிமிடம் லேசாக அழுத்திப் பாருங்கள். அங்கே உறுத்தினால் அந்த நூல் மேற்சட்டைக்கும் பைக்கும் ஆகும், குல்லாவுக்கும் மஃப்ளருக்கும் ஆகாது. கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மிக மென்மையான நூலே மிக நல்ல நூல் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். மெல்லிய இழைகள் உரசலில் எளிதாக வெளியே வந்து, முழங்கையிலும் அக்குளிலும் உருண்டை உருண்டையாகத் திரளும். துப்பாக்கிப் பட்டை தோளில் உரசும் இராணுவ வீரனுக்கு, 20 மைக்ரான் மெரினோவை விட 26, 27 மைக்ரான் அளவுள்ள சற்றே உறுதியான கம்பளி, உள்ளே பருத்திச் சட்டை இருக்கும் நிலையில், பல குளிர்காலம் உழைக்கும் என்பது என் முடிவு.

மூன்றாம் படி: சுருளும் செதிலும்

ஒரு இழையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அது நேராக இருக்காது, சிறு சிறு அலைகளாக நெளிந்திருக்கும். இந்தச் சுருள்தான் காற்றை அடைத்து வைத்து வெப்பம் காக்கிறது, இழுத்தால் திரும்பி வரும் தன்மையையும் தருகிறது. ஒரு முழ நூலை இரு கைகளிலும் பிடித்து மெல்ல இழுத்து விட்டுப் பாருங்கள். உயிருள்ள நூல் உடனே சுருங்கித் தன் நீளத்துக்கு வரும். தொய்ந்து நின்றுவிடும் நூலில் குல்லாவின் விளிம்போ கையின் மணிக்கட்டுப் பகுதியோ பின்னினால், பத்து நாளில் தளர்ந்து தொங்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, இழையின் மேல் மீன் செதில்போல அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் செதில்கள். வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேரும்போது செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கி, அட்டைபோல் தடித்துவிடும். ஒருமுறை சுருங்கினால் மீள வழி கிடையாது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையில் தட்டும் அல்லவா? செதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இழைகளும் ஒரு திசையில் மட்டுமே நகர்கின்றன, திரும்பி வருவதில்லை.

‘சூப்பர்வாஷ்’ என்று அச்சிட்ட நூலில் இந்தச் செதில்களைக் குளோரின் முறையால் மழுக்கி, பெரும்பாலும் மேலே மெல்லிய பிசின் பூச்சும் கொடுத்திருப்பார்கள். வாஷிங் மெஷினில் துவைக்கலாம், குழந்தை உடைக்கு வசதி. ஆனால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளச் செதில் இல்லாததால், நனைந்ததும் கண்ணிகள், அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையமும், வழுக்கி உடை நீளும். சூப்பர்வாஷ் நூலில் நான் பின்னிய முதல் ஸ்வெட்டரின் கை, துவைத்த பிறகு விரல் நுனிவரை இறங்கியது. அது நூலின் தவறல்ல, முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டைப் பின்னி நனைத்துப் பார்க்காத என் தவறு.

நான்காம் படி: முறுக்கும் புரியும்

இதில் நிதானிக்க வேண்டும். ஒரே ஆட்டின் கம்பளியை இரண்டு விதமாக நூற்றால், இரண்டு வேறு உடைகள் கிடைக்கும். நூற்கும் முன் இழைகளைச் சீவி, குட்டையானவற்றை நீக்கி, நீளமானவற்றை இணையாக அடுக்கி நூற்பது ஒரு முறை. அந்த நூல் வழுவழுப்பாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும், நீண்ட நாள் உழைக்கும். இழைகளைக் கலைந்த நிலையிலேயே உருட்டி நூற்பது இன்னொரு முறை. அந்த நூல் உப்பலாக, எடை குறைவாக, அதிக வெப்பம் காப்பதாக இருக்கும், ஆனால் உறுதி குறைவு. நூலின் மேல் பொசுபொசுவென்று மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை.

பிறகு நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் திருகுங்கள். புரிகள் பிரியும், எண்ணிக்கொள்ளலாம். ஒற்றைப் புரி நூல் பார்க்க அழகாக இருந்தாலும் விரைவில் திரளும், பின்னிய துணி ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளவும் கூடும். இரட்டைப் புரியில் புரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்பதால், துளைத் துளையான மெல்லிய சால்வைக்கு அது பொருத்தம். மூன்றும் அதற்கு மேலும் புரியுள்ள நூல் உருண்டையாக இருக்கும், கயிறு முறுக்கியதுபோல் எழும் கேபிள் வடிவங்கள் அதில்தான் எடுத்துக்காட்டும். தேர்வடமாகட்டும் படகுக் கயிறாகட்டும், முப்புரியில் திரண்டு நிற்பது இதே காரணத்தால்தான்.

ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, அவற்றைச் சேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்குவார்கள். இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க, ஒரு முழ நூலை இரு நுனியும் சேரும்படி வளையமாகத் தொங்க விடுங்கள். அசையாமல் தொங்கினால் முறுக்கு சமம். தானாகவே சுற்றிக்கொண்டு பின்னிக்கொண்டால் முறுக்கு மிகுதி, பின்னும்போது முடிச்சு விழும், துணியும் சாயும்.

நூலை நகத்தால் ஐம்பது தடவை சுரண்டியும் பார்க்கலாம். மயிர் எழும்பித் திரளத் தொடங்கினால், உடையின் முழங்கையில் நடக்கப்போவதும் அதுவே. காலுறைக்குப் பின்னுகிறவர்கள், கம்பளி 75 அல்லது 80 விழுக்காடும் மீதி நைலானும் கலந்த நூலையே வாங்க வேண்டும். சுத்தக் கம்பளிக் காலுறையின் குதிகால் எவ்வளவு நல்ல நூலானாலும் சீக்கிரம் ஓட்டையாகும். வலையை உழைக்க வைக்கும் அதே நைலான்தான் அங்கே குதிகாலையும் காப்பாற்றுகிறது.

ஐந்தாம் படி: கனமும் ஊசியும்

நூலின் மேல் தாளில் ‘4 பிளை’ என்று இருந்தால் நான்கு புரி என்று பொருள் கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் அது ஒரு தடிமனின் பெயர், பிரித்துப் பார்த்தால் இரண்டு புரியும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம். நம்ப வேண்டியது 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்ற எண்ணை. ஏறக்குறைய 400 மீட்டர் வந்தால் காலுறைக்கும் குழந்தை உடைக்கும் ஏற்ற மெல்லிய நூல், 200 முதல் 250 மீட்டர் வந்தால் டபுள் நிட்டிங் எனப்படும் நடுத்தரம், 100 மீட்டரை ஒட்டி வந்தால் தடித்த நூல். நடுத்தர நூலில் 3.75 முதல் 4.5 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினால், 10 சென்டிமீட்டர் அகலத்தில் 21 முதல் 24 கண்ணிகள் அமையும். பெரியவர் ஒருவருக்கான சாதாரண ஸ்வெட்டருக்கு அந்த நூல் ஏறக்குறைய 1,100 முதல் 1,400 மீட்டர் தேவைப்படும். கிராமைக் கணக்கிட்டு வாங்கினால் ஏமாறுவோம், ஏனென்றால் பருத்தி கம்பளியை விடக் கனமானது, அக்ரிலிக் அதைவிட லேசானது.

ஊசி எண்ணிலும் கவனம் தேவை. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகள் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்ணைப் பின்பற்றுவதால், எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்க எண் இதற்கு நேர்மாறு, அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். இணையத்தில் எடுத்த வடிவத்தைப் பின்னும்போது மில்லிமீட்டரை மட்டும் பார்ப்பது நல்லது. இன்னொன்று, உப்புக்காற்றில் முலாம் பூசிய இரும்பு ஊசி துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை ஏற்றும். இந்தக் கரைக்கு மூங்கில் ஊசியே உகந்தது, வியர்த்த கையிலும் வழுக்காது.

ஆறாம் படி: மாதிரித் துண்டும் தண்ணீரும்

குறைந்தது 30 கண்ணிகள் போட்டு, ஐந்து அங்குல உயரம் பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உடையை எப்படித் துவைப்பார்களோ அப்படியே அதைத் துவைத்து, உலர்த்தி, மறுபடி எண்ணுங்கள். துவைக்கும் முன் 22 கண்ணியாக இருந்தது பின்பு 20 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்காக நீங்கள் போட்ட 220 கண்ணிகள், துவைத்ததும் 110 சென்டிமீட்டராக விரியும். இரண்டே கண்ணி வித்தியாசம் ஒரு முழு அளவைக் கூட்டிவிடும்.

எந்தத் தண்ணீர் என்பது மற்ற ஊர்களில் யாரும் கேட்காத கேள்வி, இங்கே கேட்டே ஆக வேண்டும். உவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, அந்தத் திரிதல் இழையில் படிந்து துணியை விறைப்பாக்கும். உலர்ந்தபின் மிஞ்சும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை எப்போதும் நமுத்தே வைத்திருக்கும். குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைக் கம்பளிக்குச் செலவழிக்க மனம் வராது என்பது உண்மைதான், ஆனால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ வேண்டும். ஒரு வாளி போதும்.

கம்பளியும் முடிதான் என்பதால் ஷாம்பு அதற்கு ஏற்றது. சலவை சோடாவும், கறை நீக்கும் என்சைம் கலந்த சோப்புத்தூளும் கம்பளியின் புரதத்தைத் தின்னும், பிளீச் என்ன செய்யும் என்பதை முதல் படியிலேயே பார்த்தோம். 30 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீரில் கால்மணி நேரம் ஊற வைத்து, கசக்காமல் அழுத்தி எடுத்து, துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை நீக்கி, நிழலில் பாயின்மேல் விரித்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் தன் ஈரத்தின் கனத்தாலேயே நீண்டுவிடும்.

ஊறும்போது தண்ணீர் நிறம் மாறினால், ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு உடைக்கான நூல் முழுவதையும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு மேல் தாளில் இடும் எண்), ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டின் நீலம் வேறு நீலமாக இருக்கும். உருண்டையாக இல்லாமல் நீள வளையமாகச் சுற்றிய சிட்டமாக வாங்கினால் உடனே இறுக்கி உருட்டி வைக்காதீர்கள், நீண்ட நாள் இறுக்கத்தில் இழை தன் துள்ளலை இழக்கும்.

ஏழாம் படி: பாதுகாத்தல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும். அக்ரிலிக்கைத் தொடாத பூச்சிப் புழு, கம்பளியைத் தேடி வந்து தின்னும், அதிலும் வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தை முதலில் தின்னும். துவைத்து நன்றாக உலர்த்திய நூலை மூடி இறுகிய டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து, உதறி, காற்றாட விட வேண்டும். வேப்பிலை போடுவது வழக்கம்தான், நானும் போடுகிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி ஆறு மாதம் திறக்காமல் விட்டால், தூளும் அறுந்த நூலும்தான் மிஞ்சும்.

பார்சல் கட்டும்போது, உடையோடு நூலின் மேல் தாளையும், அதே நூலில் இரண்டு முழத்தையும் ஒரு சிறு உறையில் போட்டு, எந்தச் சூட்டில் எப்படித் துவைக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். முழங்கை தேய்ந்துபோகும் நாளில், அதே லாட்டின் நூல் அந்த ஊரில் எங்கும் கிடைக்காது.